குஞ்சு மீன்களுக்கு ஆர்டீமியா: பொரிப்பது முதல் ஊட்டுவது வரை

ஃபைட்டர் ஜோடி சேர்ந்துவிட்டது. ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காத்தது. ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்து, அதற்கடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தவும் தொடங்கிவிட்டன. இதுவரை எல்லாம் மீன்களே பார்த்துக்கொள்ளும். சிக்கல் இதற்குப் பிறகுதான். நூற்றுக்கணக்கில் இருந்த குஞ்சுகள் பத்து நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். செத்த குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவ்வளவு சிறிய உடல் என்பதால் கரைந்து காணாமல் போய்விடும். நோய் வந்துவிட்டது என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது நோயல்ல, பட்டினி.

பெரிய மீனுக்குப் போடும் குருணைத் தீனியை நுணுக்கித் தூவினால் போதாதா? கப்பி, மோலி குஞ்சுகள் அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும். முட்டையிடும் மீன்களில் பலவற்றின் குஞ்சுகள் முதல் சில நாட்களுக்கு அசைவதை மட்டுமே இரையென்று அறியும். தூள் மூக்கருகே கிடந்தாலும் தொடாது. அந்தத் தூள் அடியில் தங்கி அழுகித் தண்ணீரையும் கெடுத்துவிடும். அதனால்தான் உயிர் இரை வேண்டும் என்கிறோம். மொய்னா என்ற சிறு நீர்ப்பூச்சியும் நல்ல இரைதான். ஆனால் எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைக்காது, குளத்திலிருந்து அள்ளி வந்தால் தும்பிப் புழு போன்ற வேண்டாத விருந்தாளிகளும் கூட வரும். வீட்டிலேயே, வேண்டிய நாளில், வேண்டிய அளவுக்குப் பொரித்துக்கொள்ளக்கூடிய இரை, ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிர். உப்புநீரில் பொரிந்து வருவதால் நன்னீர் ஒட்டுண்ணிகளை அது சுமந்து வருவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் தங்கள் கவனம் முழுவதையும் முட்டை பொரிகிறதா என்பதில் செலவிடுகிறார்கள். பொரிப்பது எளிது. பொரிந்ததை எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்ற இரண்டில்தான் குஞ்சுகள் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. (இனி இந்தக் கட்டுரையில் குஞ்சு என்றால் மீன்குஞ்சு, பொரிந்து வரும் இரையை ஆர்டீமியா என்றே சொல்கிறேன்.)

இது என்ன உயிர்?

கடலைவிடப் பல மடங்கு உப்பேறிய ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் சிறிய ஓட்டுடலி இது. அந்த உப்பில் மீன்கள் வாழ முடியாது. தின்ன வரும் மீனே இல்லாத இடத்தில் வாழ்வதால், தப்பியோடும் வேகமோ முள்ளோ இதற்குத் தேவைப்படவில்லை. குஞ்சுகளுக்கு இது எளிதில் சிக்குவதற்கு அதுதான் காரணம்.

சூழல் மோசமாகும்போது, நீர் வற்றி உப்பு ஏறும்போது, ஆர்டீமியா தடித்த ஓடுள்ள முட்டைகளை இடும். உள்ளே கரு வளர்ச்சி நின்று உறங்கும். காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். உப்புநீரும் வெளிச்சமும் காற்றும் கிடைத்தால் ஒரே நாளில் பொரியும். 1972இல் அப்போலோ 16 விண்கலத்தில் இந்த முட்டைகளை ஏற்றி அனுப்பி, விண்வெளிக் கதிர்வீச்சு அவற்றை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அவ்வளவு கெட்டியான பொருள். ஆனாலும் சமையலறை ஈரத்தில் ஒரு மாதம் திறந்து வைத்தால் கெட்டுவிடும் என்பது வேடிக்கை.

புதிதாகப் பிறந்த மீன்களுக்கு இது நல்ல உணவு என்று 1933இல் எழுதியவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆல்வின் சீல். இன்று சந்தையில் கிடைக்கும் முட்டைகளில் கணிசமானவை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகின்றன. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. அங்கு இயல்பாக உள்ள இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள், அவை ஆண் இல்லாமல் தனியாகவே இனம் பெருக்குகின்றன. நம் கடற்கரையோரத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் டின் டின்னாக வாங்குவதும் ஆர்டீமியா முட்டையைத்தான்.

எந்தக் குஞ்சுக்கு எப்போது?

புதிதாகப் பொரிந்த ஆர்டீமியா ஏறத்தாழ 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். குஞ்சின் வாய்க்குள் அது நுழைய வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் பிறந்த அன்றே தின்னும். ஏஞ்சல் குஞ்சுகள் பொரிந்த பிறகு ஐந்து நாள் அளவுக்கு இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருக்கும். அப்போது வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் எதுவும் போடக்கூடாது. கூட்டமாக நீந்தத் தொடங்கிய அன்றிலிருந்து ஆர்டீமியா கொடுக்கலாம். கோல்டுஃபிஷ் குஞ்சுகளுக்கும் அப்படியே, நீந்தத் தொடங்கிய பிறகு. டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் சில நாள் தாய் தந்தையின் உடலில் சுரக்கும் வழுவழுப்பைத் தின்னும். அதன் பிறகுதான் இது.

ஃபைட்டர் குஞ்சு நடுவில் நிற்கிறது. ஒரே ஈட்டில் பிறந்தவற்றில் சில நீந்தத் தொடங்கிய நாளிலேயே ஆர்டீமியாவை விழுங்கும். சிலவற்றுக்கு வாய் எட்டாது. ஆகவே முதல் மூன்று நான்கு நாட்களுக்கு இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்) அல்லது வினிகர் புழுவையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. இரண்டாம் நாளிலிருந்தே கொஞ்சம் ஆர்டீமியாவையும் கலந்துவிடுங்கள், முடிந்தது தின்னட்டும். குள்ள கௌராமி, தேன் கௌராமி, நியான் டெட்ரா போன்றவற்றின் குஞ்சுகள் இன்னும் சிறியவை. அவற்றுக்கு முதல் ஒரு வாரம் பத்து நாள் இன்ஃபுசோரியாவைத் தவிர வேறு வழியில்லை. அவற்றின் தொட்டியில் ஆர்டீமியாவை ஊற்றினால், தன்னைவிடப் பெரிய இரையைப் பார்த்து மிரண்டு ஒதுங்கும் குஞ்சுகளைத்தான் காண்பீர்கள்.

வாங்கும்போது

கடையில் ஆர்டீமியா என்று கேட்டால் மூன்று விதமான பொருளைக் கையில் கொடுப்பார்கள். ஒன்று, பொரிக்கும் முட்டை. காபித் தூள் நிறத்தில் மணல்போல இருக்கும். இரண்டு, ஓடு நீக்கிய முட்டை. இதை அப்படியே தீனியாகப் போடலாம், ஆனால் உலர்த்திப் பொட்டலமாக விற்கும் வகை பொரியாது, அசையவும் செய்யாது. மூன்று, உறையவைத்த முழு வளர்ச்சியடைந்த ஆர்டீமியா; அது பெரிய மீனுக்கு. உங்களுக்கு வேண்டியது முதலாவது. பொரிக்கும் முட்டை என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

டின்னின் மேல் பொரிப்பு விழுக்காடு எழுதியிருப்பார்கள். 80க்கு மேல் உள்ளதை வாங்கினால் பிற்பாடு பிரித்தெடுக்கும் வேலை பாதியாகக் குறையும். மலிவான முட்டையில் பொரியாதவை அதிகம் இருக்கும். அவையெல்லாம் ஆர்டீமியாவோடு கலந்து தொட்டிக்குள் போகும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் பெரிய டின்னைப் பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டி விற்பதும் உண்டு. வாங்கலாம், ஆனால் எப்போது பிரித்த டின் என்று கேளுங்கள். திறந்த டின்னில் ஈரம் ஏறிவிட்டால், முட்டை பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், பொரிவது மட்டும் குறைந்துகொண்டே போகும். முதல் முறை இருபது முப்பது கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தனியே ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடக்கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காமல் அறைச் சூடுக்கு வரவிட்டுத் திறந்தால் உள்ளே வியர்க்காது.

பொரிக்கும் பாட்டில்

ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். அடிப்பக்கத்தை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். மூடியுள்ள கழுத்து கீழே புனல் மாதிரி இருக்கும். அதைத் தாங்க இன்னொரு பாட்டிலின் பாதியோ வாளியோ போதும். சிறு ஏர் பம்ப், காற்றுக் குழாய், குழாயின் முனையில் மாட்ட ஒரு விறைப்பான பிளாஸ்டிக் குச்சிக்குழாய், ஒரு மேசை விளக்கு. இவ்வளவுதான் சாதனம்.

ஏர் ஸ்டோன் மாட்ட வேண்டாம். அது நுண்ணிய குமிழ்களை விடும். முட்டைகள் நுரையோடு சேர்ந்து பாட்டில் சுவரில் மேலே போய் ஒட்டிக் காய்ந்துவிடும். குழாயின் வெறும் முனை கழுத்துவரை இறங்கியிருந்து, பெரிய குமிழ்கள் அடியிலிருந்து கொப்பளித்து வர வேண்டும். ஒரு முட்டைகூட அடியில் தங்காமல் சுழல வேண்டும் என்பதே நோக்கம். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்சாரம் போனால் உப்புநீர் குழாய் வழியே திரும்பி இறங்கிப் பம்ப்புக்குள் போய்விடும்.

இனி வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு கரையுங்கள். கல் உப்பு நன்றாகவே வேலை செய்யும். விலை உயர்ந்த கடல் உப்புக் கலவைக்குச் செலவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. கரைத்த பிறகு அழுக்கு தங்கினால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்தோ குளோரின் நீக்கி விட்டோ பயன்படுத்துங்கள். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8க்கு மேல் இருந்தால்தான் முட்டை ஒழுங்காகப் பொரியும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர், அதில் பிரச்சினை வராது. ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முட்டை. இங்கேதான் எல்லோருக்கும் கை தாராளமாகப் போய்விடுகிறது. ஒரு கிராமில் சுமார் இரண்டரை லட்சம் முட்டைகள் இருக்கும். பாதி மட்டும் பொரிந்தாலும் ஒன்றேகால் லட்சம். நூறு ஃபைட்டர் குஞ்சுகள் முதல் வாரத்தில் ஒரு நாளைக்குத் தின்னக்கூடியதைவிட இது பல மடங்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். நிறையக் குஞ்சுகள் இருந்தால் கால் டீஸ்பூன். லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது.

முட்டையைப் போட்டு, காற்றைத் திறந்து, விளக்கை ஒரு சாண் தூரத்தில் எரியவிடுங்கள். முட்டை நீரை உறிஞ்சிய முதல் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் மிக முக்கியம். அதுதான் உறங்கும் கருவை எழுப்புகிறது. அரை மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து, சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கொஞ்சம் உப்புநீர் விட்டு உள்ளே தள்ளிவிடுங்கள்.

சூடு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் 18 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி இந்தச் சூடு இயல்பாகவே இருக்கும். கோடையில்தான் கவனம் வேண்டும்: மொட்டை மாடியை ஒட்டிய அறையில் மே மாதத்தில் பாட்டில் நீர் 33 டிகிரியைத் தாண்டினால் பொரிப்பு குறையும். தரைத்தள அறைக்கு மாற்றி, மஞ்சள் குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு வையுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் பாட்டிலை ஹீட்டர் உள்ள தொட்டிக்குள் நிறுத்தி வைக்கலாம். இல்லையென்றால் இரண்டு நாள்கூட ஆகும்.

பதினைந்து பதினாறு மணி நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓடு பிளந்து, உள்ளிருப்பது மெல்லிய சவ்வுப் பையோடு ஓட்டின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். குடைக்குக் கீழே ஒருவர் நிற்பதுபோலத் தெரியும். அந்த நிலையில் அறுவடை செய்தால் பாதிக்குமேல் வீண். சவ்வு கிழிந்து, மூன்று ஜோடிக் கால்களால் துடுப்புப் போட்டுத் தத்தித் தத்தி நீந்தும் ஆரஞ்சுப் புள்ளிகளைக் காணும்வரை காத்திருங்கள்.

பிரித்தெடுப்பது

காற்றை நிறுத்துங்கள். குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் பாட்டில் தானாகவே மூன்று அடுக்காகப் பிரியும். மேலே பழுப்பு நிறத்தில் காலி ஓடுகள் மிதக்கும். கழுத்தின் அடியில் பொரியாத முட்டைகள் தங்கும். அவற்றுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் உயிருள்ளவை திரளும். ஆர்டீமியா வெளிச்சத்தை நோக்கி நீந்தும் என்பதால், பாட்டிலின் மேல்பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, கீழ்ப்பக்கம் ஒரு டார்ச் வைத்தால் திரள் இன்னும் தெளிவாகச் சேரும்.

பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். நெருக்கமாகக் குவிந்த ஆயிரக்கணக்கான உயிர்கள் அந்தச் சிறு இடத்தின் ஆக்ஸிஜனை விரைவில் தீர்த்துவிடும். காற்றுக் குழாயால் ஆரஞ்சுத் திரளை மட்டும் உறிஞ்சி, 120 முதல் 150 மைக்ரான் சல்லடையில் வடியுங்கள். சல்லடை கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த பருத்திக் கைக்குட்டை. அடியில் தங்கிய முதல் சிறு பகுதியையும், ஓடுகள் நெருங்கும் கடைசிப் பகுதியையும் ஆசைப்பட்டுச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

ஓடு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஓடு செரிக்காது. சிறு குஞ்சு அதை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. தின்னாமல் விட்டாலும் தொட்டிச் சுவரெங்கும் பழுப்புக் கோடாக ஒட்டி அழுகும். வடித்ததை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் உப்புநீரில் விட்டு, ஓரத்தில் விளக்கு வைத்து இன்னொருமுறை பிரித்தால் ஏறக்குறைய சுத்தமாகிவிடும். பிளீச் திரவத்தில் ஓட்டைக் கரைத்துவிட்டுப் பொரிக்கும் முறையும் இருக்கிறது. நன்றாகப் பலன் தரும். ஆனால் நேரம் தவறினால் கருவும் சேர்ந்து வெந்துவிடும், பிளீச் மிச்சம் இருந்தால் குஞ்சுகள் சாகும். பொரிப்பதில் கை பழகிய பிறகு அதைப் பார்க்கலாம்.

கடைசியாக, சல்லடையில் இருப்பதை நன்னீரில் ஒருமுறை அலசுங்கள். உப்பும், பொரிக்கும்போது சேர்ந்த கிளிசரின் கலந்த அழுக்கு நீரும் தொட்டிக்குள் போகாது.

ஊட்டுவது

பொரிந்த ஆர்டீமியாவால் முதலில் எதையும் தின்ன முடியாது. உடலில் இருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு வாழ்கிறது. அந்த ஆரஞ்சு நிறமே அந்தக் கருதான். நம் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பும் சத்தும் அதில்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம், மிஞ்சினால் பன்னிரண்டு மணி நேரத்தில் அது தோலுரித்து அடுத்த நிலைக்குப் போகும். அதற்குள் சேமிப்பில் கணிசமான பகுதியைச் செலவழித்திருக்கும். உடல் நீண்டு, நிறம் வெளிறி, வேகமும் கூடியிருக்கும். அதாவது சத்து குறைந்த, பிடிக்கக் கடினமான இரை. ஒரே பாட்டிலை மூன்று நாள் ஓடவிட்டு வேண்டும்போதெல்லாம் மொண்டு ஊற்றுகிறவர்களின் குஞ்சுகள் நாள் முழுக்கத் தின்றாலும் வளராமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே தினமும் சிறிதளவு பொரிப்பதே சரி. இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் தொடங்கினால், மறுநாளிலிருந்து இரண்டு வேளையும் புதிதாக வரும். அது முடியாதவர்கள் ஒரு பாட்டிலைக் காலையில் அறுவடை செய்து, அந்த வேளைக்குப் போக மீதியை மேலோட்டமான தட்டில், ஒரு விரல் உயரம் உப்புநீரில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும், சேமிப்பு அவ்வளவு விரைவாகக் கரையாது. மாலைக்கும் மறுநாள் காலைக்கும் பயன்படும். அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

எவ்வளவு என்பதற்குக் கிராம் கணக்கு உதவாது. குஞ்சின் வயிறுதான் அளவுகோல். குஞ்சுகளின் உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். இங்க் நிரப்பியில் சில சொட்டு விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். குஞ்சு இரையைக் கண்டதும் நின்றுவிடும். வாலை ஒரு பக்கம் வளைத்து உடலைச் சுருட்டும். ஒரு நொடி அப்படியே உற்றுப் பார்த்து, பிறகு சட்டென்று பாயும். முதல் நாளில் இரண்டு பாய்ச்சலுக்கு ஒன்று தவறும். இரண்டு நாளில் கைதேர்ந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வயிறு உருண்டு ஆரஞ்சு மணிபோல் தெரியும். எல்லாக் குஞ்சுகளுக்கும் அப்படித் தெரிந்து, தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆர்டீமியா மிஞ்சியிருந்தால் அளவு சரி. ஒரு மணி நேரம் கழித்தும் வெளிச்சப் பக்கத்தில் ஆரஞ்சு மேகம் இருந்தால் அடுத்த வேளைக்குப் பாதியாகக் குறையுங்கள். வயிறு வெளிறியே இருக்கும் குஞ்சுகள் சில இருந்தால், அவை வாய் எட்டாத சிறுசுகளா, பெரியவற்றின் கூட்டத்தில் பின்தங்கியவையா என்று பாருங்கள். அவற்றைத் தனியே எடுத்து இன்ஃபுசோரியாவோடு இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் தேறும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை நல்லது, நான்கு இருந்தால் இன்னும் நல்லது. வேலைக்குப் போகிறவர்களால் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளைதான் முடியும். அதிலேயே நன்றாக வளரும். பகலில் கொடுக்க முடியாததை ஈடுகட்டக் காலையிலேயே மும்மடங்கு ஊற்றுவதுதான் கூடாது. நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். பிறகு செத்து அடியில் விழும், அழுகும், அம்மோனியா ஏறும். கடைசி வேளையை விளக்கணைக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். இருட்டில் குஞ்சுகளால் வேட்டையாட முடியாது, மிஞ்சியதெல்லாம் விடிவதற்குள் செத்துக்கிடக்கும்.

இதே காரணத்துக்காக முதல் இரண்டு வாரம் குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் விடாமல் பத்துப் பதினைந்து லிட்டர் தொட்டியில் வைக்கலாம். இரை சிதறிப்போகாது, குஞ்சு அதைத் தேடி அலையத் தேவையில்லை. தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு இருந்தால் ஆர்டீமியா அங்கே திரளும், குஞ்சுகளும் அங்கே கூடப் பழகிக்கொள்ளும். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேறு எந்த ஃபில்டரும் இரையையும் குஞ்சையும் சேர்த்து இழுத்துவிடும்.

தினமும் அடியைச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றுக் குழாயின் முனையில் ஒரு குச்சியைக் கட்டி, அடியில் தங்கிய வெளிறிய படிவை மட்டும் மெல்ல உறிஞ்சி ஒரு வெள்ளை வாளியில் விடுங்கள். வெள்ளை வாளி ஏன் என்றால், தவறி வந்த குஞ்சுகளைக் கண்டுபிடித்து ஒரு கரண்டியால் திருப்பி விடலாம். இப்படிக் கால் பங்கு நீரை எடுத்து, அதே சூட்டில் உள்ள, முன்பே பிடித்து வைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். தொட்டியில் இரண்டு சிறு நத்தைகள் இருந்தால் செத்த ஆர்டீமியாவை அவை பார்த்துக்கொள்ளும்.

வரக்கூடிய தொல்லைகள்

முட்டை பொரியவே இல்லை என்றால் முதலில் முட்டையைச் சந்தேகியுங்கள், பிறகு சூட்டை, அடுத்து பி.எச்.ஐ. பொரிந்து வந்தவை காலையில் செத்துக் கிடந்தால் இரவு மின்சாரம் போயிருக்கும். அடிக்கடி தடைப்படும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். பாட்டிலில் அழுகல் நாற்றம் வந்தால் அந்த ஈட்டை அப்படியே கொட்டிவிடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள், சோப்பு வேண்டாம்.

குஞ்சுத் தொட்டியின் கண்ணாடியில் சிறு நூல் போன்ற உடலும் அதன் நுனியில் விரிந்த இழைகளுமாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அது ஹைட்ரா. செடியோடோ மொய்னாவோடோ வந்து சேரும். ஆர்டீமியா போடும் தொட்டி அதற்கு விருந்து மண்டபம். ஒரு வாரத்தில் பலமடங்காகப் பெருகி, சிறு குஞ்சுகளையே பிடித்துத் தின்னும். ஒன்றிரண்டு தெரியும்போதே குஞ்சுகளை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிடுவது எந்த மருந்தையும்விட நிம்மதி.

வேறு தீனிக்கு மாற்றுவது

ஃபைட்டர், ஏஞ்சல் குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆர்டீமியா முக்கிய உணவாக இருக்கலாம். இரண்டாம் வாரத்தின் இறுதியில் ஒரு வேளைக்குப் பதிலாக மொய்னாவோ, நன்றாகப் பொடித்த தீனியோ பழக்கத் தொடங்குங்கள். பொடியைத் தனியாகப் போட்டால் தொடாது. பசியோடிருக்கும் காலை வேளையில், கொஞ்சம் ஆர்டீமியாவும் அதோடு துளி பொடியும் ஒன்றாகக் கலந்து விடுங்கள். ஆர்டீமியாவைத் துரத்தும் வேகத்தில் பொடியையும் கவ்வும், சிலது துப்பும், மறுநாள் துப்பாது. பொடியைக் கவ்வும் குஞ்சுகள் பாதிக்குமேல் ஆனதும் அந்த வேளைக்கு ஆர்டீமியாவை நிறுத்திவிடலாம். இரவு வேளையை மட்டும் கடைசிவரை ஆர்டீமியாவாகவே வைத்திருங்கள், பின்தங்கிய சிறுசுகள் அதைக் கொண்டுதான் எட்டிப்பிடிக்கும். வால் கடிபடத் தொடங்கினால் அளவு வாரியாகப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விடும் நேரம் வந்துவிட்டது.